ரேம் வாங்கறதுக்கு முன்னாடி மூடியைக் கழட்டிப் பாருங்க

(காட்சி: பல்லடம் பக்கம் ஒரு தறி குடோன். தறி ஓடற சத்தம். கேமரா ஓரத்துல இருக்கற சின்ன ஆபீஸ் ரூமுக்குள்ள போகுது. மேசைக்கு அடியில கம்ப்யூட்டர்.)

வணக்கமுங்க. பின்னாடி கேக்கற சத்தத்தைக் கொஞ்சம் பொறுத்துக்கங்க. எங்க மாமாவோட தறி குடோன்ல இருந்து பேசறேன். பாவு ஓடிட்டு இருக்கறப்ப தறியை நிறுத்தச் சொல்ல எனக்கு மனசு வரலைங்க.

இந்தக் கம்ப்யூட்டரை மாமா 2019-ல வாங்குனாரு. கணக்குக்கு டேலி, ஈ-வே பில் போட பிரவுசர், நூல்காரங்ககூடப் பேச வாட்ஸ்அப், அப்பறம் கூலிக் கணக்குக்கு ஒரு எக்செல். இவ்வளவுதான் இதோட வேலை. ஆறு மாசமா ஒரு பில் போட்டுட்டு அடுத்ததுக்குப் போறதுக்குள்ள திரை அப்படியே ஒறைஞ்சு நிக்குது. ஒரு கடையில கேட்டதுக்கு, "பழசாயிருச்சுங்க, புதுசு வாங்கிக்கங்க"ன்னு சொல்லிட்டாங்க. பொட்டியைத் தொறந்துகூடப் பாக்கலை. அதுதான் எனக்குத் தாங்கலை. தறி கூலி இருக்கற இருப்புல புதுக் கம்ப்யூட்டர்ங்கறது சின்னச் செலவு இல்லைங்க.

(காட்சி: திரையில் டாஸ்க் மேனேஜர்.)

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் ஒண்ணா அமுத்துங்க. டாஸ்க் மேனேஜர் வரும். அதுல பெர்ஃபார்மன்ஸ், அதுக்குள்ள மெமரி. ரேமுங்கறது இந்த மெமரிதான். மாமா எப்பவும் தொறந்து வெக்கறதை எல்லாம் தொறந்து வெச்சுட்டேன். மொத்தம் 4 ஜிபி, அதுல 3.6 ஓடிட்டு இருக்குது. விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் கேக்கற கொறைஞ்சபட்ச அளவே 4 ஜிபிங்க. அது விண்டோஸ் எந்திரிச்சு நிக்கறதுக்கு. நம்ம வேலைக்கு எடம் வேண்டாமா?

இப்ப பக்கத்துல டிஸ்க்கைப் பாருங்க. 100 சதவீதத்துலயே நிக்குது. யாரும் எதையும் காப்பி பண்ணலை, ஆனா ஹார்ட் டிஸ்க் மூச்சு வாங்குது. ரேம் பத்தாத கம்ப்யூட்டருக்கு இதுதான் அடையாளம். இது ஏன்னு தறிக்காரங்களுக்குச் சொல்றது எனக்கு நெம்ப சுலபம்.

தறியில குறுக்கு நூலைக் கொண்டுபோற நாடாவுக்குள்ள, நூல் சுத்துன குச்சி, தார்னு ஒண்ணு இருக்குதுல்லைங்க? குடோன்ல மூட்டை மூட்டையா நூல் கெடந்தாலும் தார்ல சுத்துன நூல்தான் துணியாகும். தார் தீந்தா தறி நிக்கும். வேற தார் மாத்துனாத்தான் ஓடும். ஹார்ட் டிஸ்க் அந்த மூட்டை, ரேம் அந்தத் தார். தார் சின்னதா இருந்தா நிமிசத்துக்கு ஒருக்கா மாத்தணும். விண்டோசும் அதையேதான் பண்ணுது. எடம் பத்தாதப்ப, இப்போதைக்கு வேண்டாததை ஹார்ட் டிஸ்க்ல கொண்டுபோய் வெக்கும், நீங்க வாட்ஸ்அப்பைத் தொட்டா மறுபடி அங்கிருந்து எடுத்துட்டு வரும். திரை ஒறைஞ்சு நிக்கறது அந்த நடைக்குத்தான்.

இதே டாஸ்க் மேனேஜர்ல மெமரி பாதிதான் ஓடுது, அப்பவும் கம்ப்யூட்டர் திணறுதுன்னா ரேம் வாங்காதீங்க. காசு வீண். அப்ப பெரும்பாலும் பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துட்டு, அதை விட வேகமான எஸ்எஸ்டி போடறதுதான் வைத்தியம்.

இன்னொண்ணையும் இப்பவே பாத்துருங்க. செட்டிங்ஸ்ல சிஸ்டம், அபவுட். அங்க 64 பிட்டுன்னு போட்டிருக்கணும். 32 பிட் விண்டோஸ்னா 4 ஜிபிக்கு மேல எத்தனை போட்டாலும் அதுக்குக் கண்ணு தெரியாது. பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர்கள்ல இதை நான் அடிக்கடி பாக்கறேன். 64 பிட் விண்டோசைப் புதுசா ஏத்திட்டுத்தான் ரேம் பத்தி யோசிக்கணும். ஏத்தறதுக்கு முன்னாடி டேலி டேட்டாவை ஒரு பென் டிரைவுல எடுத்து வெச்சுக்கங்க.

(காட்சி: மேசை மேல மூணு ரேம். பக்கத்துல ஒரு அடிஸ்கேல்.)

சரி, எந்த ரேம்? இங்கதான் நெறையப் பேரு காசை விடறாங்க.

இது டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5-ன்னு மூணு தலைமுறை ரேம். மூணும் ஒரே நீளம், பாக்கறதுக்கும் ஒரே மாதிரி. ஆனா ஒண்ணோட எடத்துல இன்னொண்ணு போகாது. அடியில தங்க நெறத்துப் பல்வரிசை இருக்குது பாருங்க, நடுவுல ஒரு வெட்டு. அந்த வெட்டு மூணுலயும் வேற வேற எடத்துல இருக்கும். டிடிஆர்3-ல 240 பல்லு, 1.5 வோல்ட். டிடிஆர்4-ல 288 பல்லு, 1.2 வோல்ட். டிடிஆர்5-லயும் 288 தான், ஆனா 1.1 வோல்ட், வெட்டும் நகந்திருக்கும். மாத்திப் போட்டு எதுவும் கருகிறக் கூடாதுன்னுதான் அந்த வெட்டை அப்படி வெச்சிருக்கறாங்க. போகலைன்னா அமுத்தாதீங்க. அது தப்பான ரேமுன்னு உங்ககிட்ட சொல்லுதுன்னு அர்த்தம்.

மாமாவோடது இன்டெல் எட்டாம் தலைமுறை ஐ3-8100 செயலி, எச்310 மதர்போர்டு. டிடிஆர்4. ரேம் சொருகற ஸ்லாட் ரெண்டு, ஒண்ணு காலி. டாஸ்க் மேனேஜர்லயே "ஸ்லாட்ஸ் யூஸ்டு 1 ஆஃப் 2"ன்னு காட்டுச்சு. அதை மட்டும் நம்பாம மூடியைத் தொறந்து கண்ணால பாருங்க. சில போர்டுங்க தப்பாச் சொல்லும். சிபியு-இசட்டுன்னு இலவச மென்பொருள் இருக்குது, அதுல மெமரி, எஸ்பிடின்னு ரெண்டு பக்கத்துல ரேமோட ஜாதகமே இருக்கும். அதுல வேகம் பாதியாத் தெரிஞ்சா விசனப்படாதீங்க. டிடிஆர்ங்கறது ஒரு துடிப்புக்கு ரெண்டு தடவை தகவல் அனுப்பும். 1200-ன்னு காட்டுனா அது 2400 ரேம்.

வேகத்துக்கு வர்றேன். இந்த ஐ3-8100 தாங்கறது 2400 வரைக்கும்தான். கடையில இப்பக் கெடைக்கறது பெரும்பாலும் 3200. வாங்கலாமான்னா தாராளமா வாங்கலாம், அது எறங்கி 2400-ல ஓடும். ரெண்டு ரேம் வேற வேற வேகமா இருந்தா, மெதுவா இருக்கற ஒண்ணோட வேகத்துக்குத்தான் ரெண்டும் ஓடும். அதனால வேகத்துக்குன்னு கூடக் காசு குடுக்காதீங்க. அளவுக்குக் குடுங்க.

மாமாவுக்கு 8 ஜிபி ஒண்ணு எடுத்தேன். இருக்கற 4-ஓட சேந்து 12. ஜோடி சமமா இருக்கணுமேன்னு கேப்பீங்க. ரெண்டும் ஒரே அளவுன்னா நல்லது, செயலி ரெண்டு வழியிலயும் ஒரே நேரத்துல தகவல் இழுக்கும். ஆனா இன்டெல் செயலிங்க 8-ஐயும் 4-ஐயும்கூட அனுசரிச்சுக்கும். ரெண்டுலயும் நாலு நாலு ஜிபி ஜோடியா ஓடும், மிச்சம் 4 தனியா ஓடும். நல்லா இருக்கற 4 ஜிபியைத் தூக்கிப் போடத் தேவையில்லை. அதுவும் இப்ப. 2025 கடைசியில இருந்து ரேம் விலை வெசையா ஏறிருச்சு, ஏஐ சர்வருங்களுக்கு மெமரி சிப்பு அவ்வளவு போகுது.

லேப்டாப் ரேம் பாதி நீளம்தான், அது சாதா டெஸ்க்டாப்ல பொருந்தாது. ஆனா கையடக்கமான குட்டி டெஸ்க்டாப்கள்ல அதுதான் இருக்கும். பழைய சர்வர்ல கழட்டுன ரேம் மலிவா வருதுன்னும் வாங்கிராதீங்க. அதுல ரிஜிஸ்டர்டுன்னு ஒரு வகை, சாதா போர்டு அதை ஏத்துக்காது.

(காட்சி: கம்ப்யூட்டரோட பக்க மூடியைக் கழட்டறது. உள்ள வெள்ளையாப் பஞ்சு.)

மாமா: "மாப்ள, இது கம்ப்யூட்டரா, மெத்தையா?"

பாத்தீங்களா. தறிக்குப் பக்கத்துல இருக்கற எல்லாக் கம்ப்யூட்டரும் உள்ள இப்படித்தான் இருக்கும். ஆனி, ஆடியில பாலக்காட்டுக் கணவாய்க் காத்து அடிக்கறப்ப, பஞ்சோட செம்மண்ணும் சேந்து வரும். இங்க கொஞ்ச நேரம் நிப்போம். ஏன்னா மாமாவோட பிரச்சினையில ஒரு பங்கு இதுங்க. செயலி மேல இருக்கற அலுமினியத் தகட்டுக்கு நடுவுல பஞ்சு அடைச்சுருச்சு. காத்து போக வழியில்லைன்னா செயலி சூடாகும், சூடானா தன்னைக் காப்பாத்திக்கத் தானே வேகத்தைக் கொறைச்சுக்கும். ரேம் மட்டும் போட்டுட்டு இதை விட்டிருந்தா, வெயில் காலத்துல மறுபடி திணறும்.

மொதல்ல முறையா ஷட் டவுன். அப்பறம் பிளக்கைப் பிடுங்குங்க, யுபிஎஸ்ல இருந்தும் பிடுங்குங்க. சுவிட்ச் ஆஃப் மட்டும் பத்தாது. பிடுங்கிட்டுப் பவர் பட்டனை 10 செகண்டு அமுத்திப் புடிங்க, உள்ள மிச்சம் இருக்கற கரண்ட் வடிஞ்சுரும். பொட்டியைப் படுக்க வையுங்க.

குடோன்ல கம்ப்ரசர் இருக்குதுன்னு அந்தக் குழாயைக் கொண்டாந்து அடிக்காதீங்க. அந்தக் காத்துல தண்ணி இருக்கும், அழுத்தமும் நெம்ப அதிகம். சின்னப் பெயிண்ட் பிரஷ் ஒண்ணு, கையில புடிக்கற புளோவர் ஒண்ணு போதும். ஊதறப்ப விசிறியை ஒரு விரலால புடிச்சுக்கங்க, அது தறிகெட்டுச் சுத்தக் கூடாது. ஈரத்துணி கிட்டயே வரக் கூடாது.

(காட்சி: காலி ஸ்லாட் கிட்டப் பார்வையில்.)

இப்ப ரேம். கவர்ல இருந்து எடுக்கறதுக்கு முன்னாடி பொட்டியோட பெயிண்ட் இல்லாத இரும்பைத் தொடுங்க. நம்ம உடம்புல சேந்திருக்கற நிலைமின்சாரம் அதுல போயிரும். நமக்குச் சுருக்குன்னுகூடத் தெரியாத அளவு மின்சாரம் ஒரு சிப்பைக் கெடுக்கப் போதும். ரேமை ஓரத்துல புடிங்க, பல்லுல விரல் படக் கூடாது.

இதுக்குள்ள என்ன இருக்குதுன்னு சொல்லிட்டுப் போடறேன், சொல்லாம இருக்க முடியலை. ஒரு பிட்டுக்கு ஒரு டிரான்சிஸ்டர், ஒரு கெபாசிட்டர். ராபர்ட் டெனார்டுங்கறவரு ஐபிஎம்ல இருக்கறப்பக் கண்டுபிடிச்சது, 1968-ல காப்புரிமை வாங்குனாரு. இந்த 8 ஜிபியில அப்படிச் சுமார் 6,870 கோடி அறை இருக்குதுங்க. ஒவ்வொண்ணும் ஓட்டைக் கொடம் மாதிரி கசிஞ்சுக்கிட்டே இருக்கும். 64 மில்லி செகண்டுக்குள்ள எல்லாத்தையும் ஒருக்கா நெரப்பியாகணும். கரண்ட் போனா சேவ் பண்ணாத கணக்கு காணாமப் போறது இதனாலதான்.

காலி ஸ்லாட்டோட ஓரத்துக் கொக்கியை வெளிப்பக்கமாத் தள்ளுங்க. சில போர்டுல ரெண்டு பக்கமும் இருக்கும், சிலதுல ஒரு பக்கம்தான். ரேமோட வெட்டும் ஸ்லாட்டோட மேடும் நேரா வருதான்னு பாருங்க. நேரா எறக்குங்க. ரெண்டு கட்டைவிரலையும் ரெண்டு ஓரத்துல வெச்சு ஒரே சீரா அமுத்துங்க.

(சத்தம்: டக்.)

கேட்டுதுங்களா? கொக்கி தானா மேல வந்து புடிச்சுக்கணும். நாம புடிச்சு மாட்டக் கூடாது.

இந்த எடத்துலதான் எல்லாரும் பயப்படறாங்க. நானும் மொதல் தடவை பயந்தேன். போர்டு ஒடைஞ்சுருமோன்னு மெதுவா வெச்சேன். இக்கட்டால கொக்கி மாட்டுச்சு, அக்கட்டால மாட்டலை. ஆன் பண்ணுனா திரை கருப்பு. கம்ப்யூட்டரையே கெடுத்துட்டோம்னு ராத்திரி பூராத் தூக்கமில்லை. காலையில எடுத்து நல்லா அமுத்தி வெச்சேன், ஓடுச்சு. அதனால உங்களுக்குச் சொல்றேன், கொஞ்சம் பலமா அமுத்தத்தான் வேணும்.

நாலு ஸ்லாட் இருக்கற போர்டுல ரெண்டே ரேம் போடறதா இருந்தா, பெரும்பாலும் செயலியில இருந்து எண்ணி ரெண்டாவதும் நாலாவதும். போர்டோட புக்கைப் பாத்துக்கங்க.

(காட்சி: பிளக் மாட்டி ஆன் பண்றது. மாமா பக்கத்துல நிக்கறாரு.)

மூடியை இப்ப மூட வேண்டாம். மொதல் தடவை திரை வர வழக்கத்தை விடக் கொஞ்ச நேரம் ஆகும், புது ரேமைப் பழகிக்குது. டிடிஆர்5-னா இன்னும் நேரம் எடுக்கும். அவசரப்பட்டு ஆஃப் பண்ணீராதீங்க.

திரையே வரலைன்னா, இல்ல பீப் பீப்புன்னு கத்துதுன்னா, மறுபடி பிளக்கைப் பிடுங்கிட்டு ரெண்டு ரேமையும் எடுங்க. பழசை மட்டும் போட்டுப் பாருங்க. அப்பறம் புதுசை மட்டும், அதே ஸ்லாட்டுல. எது கெட்டதுன்னு அஞ்சு நிமிசத்துல தெரிஞ்சுரும். பழைய ரேமோட பல்லு மங்கியிருந்தா பென்சில் ரப்பரால மெதுவாத் தேச்சு, தூளைப் பிரஷ்ல தட்டிட்டுப் போடுங்க.

மாமாவுக்கு வந்துருச்சு. டாஸ்க் மேனேஜர்ல 12 ஜிபி, வேகம் 2400. அபவுட்ல பாத்தா யூசபிள் 11.9-ன்னு காட்டும். மிச்சம் தொலையலைங்க, உள்ளயே இருக்கற கிராஃபிக்ஸ் எடுத்துக்கிச்சு. டேலி, ஈ-வே பில், வாட்ஸ்அப், எக்செல் எல்லாம் தொறந்தாச்சு. ஓடறது 5 ஜிபி. டிஸ்க் 100-ல இருந்து எறங்கி ஓய்வா இருக்குது.

இதோட விட்றாதீங்க. ஸ்டார்ட்ல எம்டிஸ்கெட்னு, இங்கிலீஷ்ல mdsched, டைப் பண்ணுனா விண்டோசோட மெமரி சோதனை வரும். கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகி ஒவ்வொரு எடமா எழுதிப் படிச்சுப் பாக்கும். புது ரேம்ல கோளாறு இருந்தா அது பல நேரம் உடனே தெரியாது, ஒரு மாசம் கழிச்சு டேலி டேட்டா கெட்டுத்தான் தெரியும். அதனால பொழுதோட வேலை முடிஞ்சதும் ஓட விட்டுட்டு வந்தோம். பில்லை, ரேம் வந்த கவரோட, மேசை டிராயர்ல வெச்சாச்சு. பழுதுன்னா மாத்திக்க அது வேணும்.

(காட்சி: அடுத்த நாள் காலை. திரையில் சோதனை முடிவு, பிழை எதுவும் இல்லை. மாமா ஈ-வே பில் போட்டுக்கிட்டு இருக்கறாரு.)

மாமா: "ஏன் மாப்ள, எதிர்க் குடோன்லயும் ஒண்ணு இப்படித்தான் திணறுதாம்."

அதுல டிடிஆர்3-ங்க. பிரஷ்ஷை எடுத்துட்டுக் கெளம்பறேன்.