துணிவு நமக்குப் புதிதில்லை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, இந்தக் குளிரிலும் மஸ்கெலியாவிலிருந்தும் பொகவந்தலாவையிலிருந்தும் பஸ் ஏறி ஹட்டனுக்கு வந்து மண்டபத்தை நிறைத்திருக்கும் உறவுகளே, வணக்கம்.

‘வெளிநாட்டில் புதிய வேலையிலும் வாழ்விலும் காலூன்றக் கைகொடுப்பது மனத்துணிவா, முன்னாயத்தமா?’ இதுதான் இன்றைய தலைப்பு. முன்னாயத்தமே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர், தமிழ்நாட்டிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த நம் முன்னோரைக் கொண்டுவந்து இந்த மேடையில் நிறுத்தினார். தலைமன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டு வழியே நடந்தார்களே, வழியில் கொள்ளை நோய்க்குப் பிள்ளைகளைப் பறிகொடுத்தும் நடந்தார்களே, அவர்கள் என்ன ஆயத்தம் செய்துகொண்டு வந்தார்கள் என்று கேட்டார். நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். அந்தத் துணிவுக்குத் தட்டாத கை மலையகத்தில் இருக்காது.

ஆனால் நடுவர் அவர்களே, கதையை அவர் மாத்தளையோடு நிறுத்திவிட்டார். அதற்குப் பிறகு நடந்ததை நான் சொல்கிறேன். ஆள் திரட்டி வந்து மேற்பார்த்த கங்காணியின் வாய்ச்சொல்லை நம்பிப் புறப்பட்டவர்கள், தோட்டத்தில் கால்வைத்த அன்றே கடனாளிகள். வழிச்செலவு கடன், அரிசி கடன், கம்பளி கடன். கணக்கெழுதியது கங்காணி. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் அதற்குக் கைநாட்டு வைத்தார்கள். வேறு தோட்டத்துக்குப் போகவேண்டுமென்றால் ‘துண்டு’ வேண்டும். அந்தக் காகிதத்தில் கடன் தொகை இருக்கும். அதைக் கட்ட இன்னொரு தோட்டத்துத் துரை முன்வந்தால்தான் நகர முடியும். 1921இல் சட்டம் போட்டுத்தான் அந்தத் துண்டு முறையை ஒழித்தார்கள். கடலைத் தாண்டவைத்த துணிவால் அந்தக் காகிதத்தைத் தாண்டவைக்க முடியவில்லையே, ஐயா!

1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. உன் தகப்பன் இங்கே பிறந்ததற்கு அத்தாட்சி காட்டு என்றார்கள். காடழித்து மலை திருத்திய கைகளில் அந்த அத்தாட்சி இல்லை. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்து, அப்படிப் பிரஜாவுரிமை இல்லாமல் போனவர்களில் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று முடிவெடுத்தார்கள். அப்படிப் போனவர்களில் கூடலூரிலும் கோத்தகிரியிலும் தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டங்களில் இடம் கிடைத்தவர்கள், கை பழகிய வேலை என்பதால் மெல்ல மெல்லக் காலூன்றினார்கள். வியாபாரம் செய்து பிழைத்துக்கொள்ளுங்கள் என்று கடன் கொடுத்து அனுப்பப்பட்டவர்களோ, தராசு பிடித்துப் பழக்கமில்லாதவர்கள். அவர்களில் பலர் முதலையும் இழந்து கூலி வேலைக்குப் போனார்கள். ஒரே சனம், ஒரே கப்பல், ஒரே துணிவு. ஒரு பக்கம் ஊன்றியது, மறுபக்கம் சரிந்தது. எதனால் என்று எதிரணி சொல்லட்டும்.

இரண்டாவதாகப் பேசிய சகோதரி குவைத்துக் கதை ஒன்று சொன்னார். ஓர் அரபுச் சொல்லும் தெரியாமல் போன அக்கா மூன்றே மாதத்தில் பேசக் கற்றுக்கொண்டாராம், தேவை வந்தால் எல்லாம் தானாக வருமாம். அந்த அக்காவை வணங்குகிறேன். ஆனால் அந்த மூன்று மாதங்களை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள்.

தோட்டத்து லயத்தின் ஒற்றைக் காம்பராவில் பிறந்து, இஸ்தோப்பு என்ற முன்திண்ணையில் விறகடுப்பு ஊதி வளர்ந்த பிள்ளை அது. விமானத்தை விட்டு இறங்கிய மறுநாள் காலை ஒரு பெரிய வீட்டின் குளியலறையில் நிற்கிறது. தட்டில் நாலைந்து போத்தல்கள். எல்லாவற்றிலும் அரபு எழுத்து. ஒன்று பிளீச், ஒன்று கழிவறை கழுவும் அசிட். நன்றாகச் சுத்தமாகட்டும் என்று இரண்டையும் ஒன்றாக ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். சின்ன அறை, சாத்திய கதவு. நெஞ்சை அடைத்து ஆளைக் கீழே தள்ளிவிடும். புறப்படுவதற்கு முன் பயிற்சி வகுப்பில் யாராவது அந்த இரண்டு போத்தல்களையும் கையில் எடுத்துக் காட்டி, ‘இதையும் இதையும் சேர்க்காதே’ என்று சொல்லிக் கொடுத்திருந்தால் போதும். அந்த அறையில் துணிவு என்ன செய்யும்? கதவைத் திறந்துகொண்டு உள்ளே போகவைக்கும், அவ்வளவுதான்.

மூதூர்ப் பிள்ளை ரிசானா நபீக்கை மறந்துவிட்டோமா? வயதைக் கூட்டிக் காட்டிய பாஸ்போர்ட்டில் 2005இல் சவூதிக்கு அனுப்பப்பட்டாள். வீட்டு வேலைக்கென்று போனவள் கையில் பச்சைக் குழந்தையைக் கொடுத்தார்கள். அந்தக் குழந்தை இறந்தது, கொலைப் பழி அவள்மேல் விழுந்தது. அவள் சொன்னதை மொழிபெயர்த்தவருக்குத் தகுதி இருந்ததா என்ற கேள்வி கடைசிவரை தீரவில்லை. 2013 ஜனவரி 9ஆம் திகதி மரண தண்டனை என்று அவள் உயிரை எடுத்தார்கள். கடல் கடந்து போகும் துணிவு அந்தப் பிள்ளைக்கும் இருந்தது. அவளை ஏற்றிவிட்ட பெரியவர்கள் ஒரு காகிதத்தையாவது நேர்மையாக எழுதியிருக்கலாமே!

குவைத்தில் 2015இல் வீட்டுப் பணியாளருக்கென்று தனிச் சட்டம் வந்தது. ஒரு நாளில் 12 மணித்தியாலத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது. வாரத்தில் ஒரு நாள் ஓய்வு, ஆண்டுக்கு 30 நாள் சம்பளத்தோடு விடுமுறை. பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்ளக்கூடாது. வேலை முடித்துத் திரும்பும்போது, உழைத்த ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மாதச் சம்பளம் கொடுக்கவேண்டும். இந்த மண்டபத்தில் குவைத்துக்குப் போய்வந்த தாய்மார் இருக்கிறீர்கள். புறப்படும்போது இதில் எத்தனை உங்களுக்குத் தெரியும்? சட்டம் எழுதியவன் வந்து கதவைத் தட்டிச் சொல்லமாட்டான். தெரிந்துகொண்டு போகிறவளுக்குத்தான் கேட்க வாய் வரும்.

நான் தோட்டப் பாடசாலை ஆசிரியன். மாலை நேரங்களில் பலருடைய ஒப்பந்தங்களை வாசித்துச் சொல்கிறவன். என் கண்ணில் அதிகம் படுவது பெயர்ச் சிக்கல். பிறப்புச் சான்றிதழில் மாரியாயி, அடையாள அட்டையில் மாரியம்மா, பாஸ்போர்ட்டில் தகப்பன் பெயர் முன்னுக்குப் பின். பதிவெழுதியவருக்குத் தமிழ் தெரியாது, பெற்றவருக்கு வாசிக்கத் தெரியாது. அன்று விழுந்த அந்த ஓரெழுத்துப் பிழைக்குப் பிள்ளை விலை கொடுக்கிறது. வெயிலில் வெந்து அனுப்பிய காசு வங்கியில் வந்து கிடக்கும். பெயர் பொருந்தவில்லை என்று கவுண்டரில் அம்மாவைத் திருப்பி அனுப்புவார்கள். புறப்படும் முன் பிரதேச செயலகத்துக்கு ஏறி இறங்கித் திருத்தியிருந்தால் தீர்ந்திருக்கும். இன்னொன்றையும் கையைப் பிடித்துச் சொல்கிறேன். போகுமுன் வங்கியில் இரண்டு கணக்குத் திறந்துவிட்டுப் போங்கள். ஒன்று வீட்டுச் செலவுக்கு, மற்றது உங்கள் பெயரில் மட்டும். இரண்டு வருசம் உழைத்துத் திரும்பி வந்து, பிள்ளைக்கு ஒரு பென்சில் வாங்கவும் கையேந்தி நிற்கும் பெண்களைப் பார்த்த வயிற்றெரிச்சலில் பேசுகிறேன்.

வேலைக்கு ஆள் எடுக்கும் நாடுகளே நம் அணியின் பக்கம்தான் நிற்கின்றன. கொரியா 2004இல் தொடங்கிய முறையில் கொரிய மொழிப் பரீட்சை எழுதாமல் தொழிற்சாலை வாசலை மிதிக்க முடியாது. ஜப்பான் 2019இல் திறந்த திறன் விசாவுக்கு மொழிப் பரீட்சையும் தொழில் பரீட்சையும் உண்டு. முதியோரைப் பராமரிக்கப் போகிறவருக்கு அந்தத் தொழிலுக்குரிய மொழிப் பரீட்சை தனியே உண்டு. படுக்கையில் கிடக்கும் கிழவி ‘வலிக்கிறது’ என்றால் புரிய வேண்டுமல்லவா!

ஆயத்தமெல்லாம் காசுள்ளவன் பேச்சு, அன்றாடம் தோட்டத்தில் பேர் போட்டு நாட்கூலி வாங்கினால்தான் அடுப்பெரியும் வீட்டுக்கு அது எப்படி முடியும் என்று எதிரணியில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. இன்று அங்கே கேட்டவற்றில் எனக்கு வலித்ததும் அதுதான். ஆனால் காசு எங்கே போகிறது என்று பாருங்கள். வட்டிக்கு வாங்கி, தோடு அடகு வைத்து, ஊருக்குள் வரும் தரகரிடம் கொடுக்கிறோமே, அந்தக் காசு! வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் 1985ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்து இயங்குகிறது. அதன் 1989 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து, இந்த ஏஜென்சிக்கு உரிமம் உண்டா என்று கேட்க எவ்வளவு செலவு? ‘விசிட் விசாவில் போ, அங்கே மாற்றிக்கொள்ளலாம்’ என்கிறவனுக்கு, பணியகத்தில் பதியாமல் போகமாட்டேன் என்று சொல்ல எவ்வளவு செலவு? அங்கே பதியாமல் போனால் அதன் காப்புறுதி இல்லை. ஓர் அவசரம் வந்தால் நீ அங்கே இருக்கிறாய் என்று எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்காது. ஏழைக்குத்தான் ஐயா ஆயத்தம் அதிகம் வேண்டும். விழுந்தால் தாங்க அவனுக்கு இரண்டாவது ஆள் இல்லை.

நாற்றுமேடையில் வேலை செய்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். தேயிலைக் கன்றைப் பையிலிருந்து எடுத்து நேரே மலையில் நட்டுவிடுகிறோமா? பந்தல் நிழலைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கி, வெயிலுக்குப் பழக்கி, வேர் பிடித்ததைப் பார்த்துத்தானே குழிக்குக் கொண்டுபோகிறோம்? கன்றுக்குக் காட்டும் அந்தப் பொறுமையைப் பெற்ற பிள்ளைக்குக் காட்டுங்கள் என்கிறோம்.

நடுவர் மணியடித்துவிட்டார். தீர்ப்பை அவரிடம் விட்டுவிட்டு, சபைக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த மாதம் விமானம் ஏறப்போகிறவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறீர்கள், எனக்குத் தெரியும். நிகழ்ச்சி முடிந்ததும் நானும் எங்கள் அணியினரும் மேடைக்குப் பக்கத்திலேயே இருப்போம். எதிரணித் தலைவரும் ஆங்கில ஆசிரியர்தான், அவரும் இருப்பார். ஒப்பந்தம், பாஸ்போர்ட், பிறப்புச் சான்றிதழ், கையில் எது இருந்தாலும் கொண்டுவாருங்கள். வரிவரியாக வாசித்துச் சொல்கிறோம். இன்று கொண்டுவராதவர்கள் நாளை பாடசாலை விட்ட பிறகு வாருங்கள். கையெழுத்து வைப்பதற்கு முன் வாருங்கள்.