ஞாயிறு அவதி

நடுவர் ஐயா அவர்களுக்கும், செங்கோட்டை மக்களுக்கும் வணக்கம்.

கடைப் பலகைகளில் இருக்கும் கோணல் வாசகம் திருத்த வேண்டியதா, ரசிக்க வேண்டியதா? இதுதான் இன்றைய வழக்கு. திருத்தியே ஆக வேண்டும் என்று எதிரணித் தலைவர் முழங்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். சாட்சிக்கு ஒரு போட்டோ வேறு காட்டினார். மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்து ஆரியங்காவில் ஒரு மளிகைக் கடை, பலகையில் 'ஞாயிறு அவதி'. சபை சிரித்தது, நானும் சிரித்தேன்.

ஆனால் ஐயா, அந்த மனிதர் என்ன தப்பு செய்தார்? மலையாளத்தில் அவதி என்றால் விடுமுறை. தமிழ்க்காரர் ஞாயிற்றுக்கிழமை மலையேறி வந்து பூட்டிய கடையைப் பார்த்து ஏமாறக் கூடாது என்று, தெரியாத எழுத்தை யாரிடமோ கேட்டு எழுதி வைத்திருக்கிறார். சொல் அவர் வீட்டுச் சொல், எழுத்து நம் வீட்டு எழுத்து. (மூன்று பிள்ளைகள் வீட்டில் இருக்கும் எனக்கு ஞாயிறு தமிழிலும் அவதிதான். அது வேறு கதை.)

அதே சாலையில், சபரிமலை சீசனில் ஒரு சைவச் சாப்பாட்டுக் கடை. வாசலில் 'ஊன் ரெடி'. மாலை போட்டு வந்த எங்கள் குருசாமி, ஊன் என்றால் இறைச்சியாச்சே என்று வேனை விட்டு இறங்கவே மாட்டேன் என்றுவிட்டார். மூன்று சுழி போட வேண்டிய இடத்தில் இரண்டு சுழி போட்டதால் வந்த வினை. சரி, இந்த ஒன்றைத் திருத்தட்டும், எதிரணிக்கு விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் அந்த 'ஊண்' யார் வீட்டுச் சொல் ஐயா? நம்முடையதும்தான். நாம் அதை 'ஊண் உறக்கம் இல்லாமல்' என்று துக்கத்துக்கு மட்டும் எடுத்து வைத்திருக்கிறோம். அவர்கள் தினமும் மத்தியானம் இலை போட்டுப் பரிமாறுகிறார்கள்.

அப்புறம், பலகையின் தொனி முகத்தில் அடிக்கிறதாம். எது? 'கடன் அன்பை முறிக்கும்'. கடைக்காரர் நிலைமையை யோசித்துப் பாருங்கள். எதிரே நிற்பது சொந்த மாமா மகன், கையில் பை இருக்கிறது, பையில் காசு இல்லை. வாயால் 'கிடையாது' என்று சொல்ல முடியுமா? ஒன்றும் பேசாமல் தலையை மட்டும் தூக்கிப் பலகையைப் பார்ப்பார். வந்தவரும் பார்ப்பார். 'சரி மச்சான், சாயங்காலம் வாறேன்.' உறவு உடையாமல் காரியம் முடிந்தது! மலைக்கு அந்தப் பக்கமும் 'இந்நு ரொக்கம் நாளெ கடம்' என்றுதான் எழுதுகிறார்கள். நாம் 'இன்று ரொக்கம் நாளை கடன்' என்கிறோம். அந்த நாளை இரண்டு மாநிலத்திலும் இன்னும் விடியவில்லை.

சட்டத்தையும் இழுத்தார்கள். பெயர்ப் பலகையில் தமிழ் 5, ஆங்கிலம் 3, பிற மொழி 2 என்ற விகிதம் நமக்கு இருக்கிறது, நல்லதுதான். அது எழுத்துக்கு அளவு சொல்கிறது. மச்சானிடம் எப்படிப் பேசுவது என்பதற்கு எந்த அரசாணையும் அளவு சொல்லவில்லை.

மணி அடிக்கக் கை போகிறது, தெரிகிறது ஐயா. ஒன்றே ஒன்று.

பக்கத்தில் பிரானூருக்குப் போங்கள். எங்கே பார்த்தாலும் 'பார்டர்'தான். பார்டர் பரோட்டா, பார்டர் சிக்கன். அங்கே எங்கே இருக்கிறது பார்டர்? 1956 நவம்பர் 1 வரை இந்தச் செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது, எல்லை பிரானூரில் இருந்தது. அன்றைக்கு நாம் இந்தப் பக்கம் வந்தோம், எல்லை புளியரைக்கு அப்பால் மலையேறிவிட்டது. பலகை மட்டும் நகரவில்லை. கணக்குப்படி பார்த்தால் ஊரிலேயே பெரிய பிழை அதுதான். எதிரணித் தலைவர் ஒரு வாளி சுண்ணாம்போடு போய் முதலில் அந்த 'பார்டர்' எழுத்தை அழித்துவிட்டு வரட்டும். வரும்போது பசிக்கும். பரோட்டா என் செலவு, எங்கே வாங்கியது என்று மட்டும் கேட்கக் கூடாது.