லைப்ரரி: ஒரு மரப்பட்டை, ஒரு பெட்டி

[திரையில்: மரக்கிளையின் பட்டையைக் கத்தியால் சீவும் கை]

ஒரு கிளையின் மேல்பட்டையை மெதுவாகச் சீவிப் பாருங்கள். சொரசொரப்பான தோலுக்கும் உள்ளே இருக்கும் கட்டைக்கும் நடுவில் ஈரமாக, மெல்லிசாக, வளைத்தாலும் முறியாத ஒரு படலம் உரிந்து வரும். அந்த உள்பட்டைக்கு லத்தீனில் 'லிபெர்' என்று பெயர். லைப்ரரி என்ற சொல் கிளம்பியது இங்கிருந்துதான்.

பாப்பிரஸ் என்ற எழுதும் தாள் வருவதற்கு முன்னால் ஆட்கள் மரப்பட்டையில் எழுதினார்கள் என்று ரோமானியர்கள் நம்பினார்கள். அப்புறம் பாப்பிரஸ் சுருள் வந்தது, ஆனால் புத்தகத்துக்குப் பெயர் லிபெர் என்றே நின்றுவிட்டது. பனையோலையை விட்டு இவ்வளவு காலம் ஆனபிறகும் நாம் நாளேடு, பதிவேடு என்று சொல்கிறோமே, அதே கதைதான்.

இடையில் ஒரு விஷயம். லிபெர் என்றால் சுதந்திரம், ஆகவே லைப்ரரி என்றால் மனிதனை விடுவிக்கும் இடம் என்று யாராவது மேடையில் சொன்னால் கைதட்டத் தோன்றும், ஆனால் தப்பு. 'சுதந்திரமான' என்ற பொருளில் வருவது 'லீபெர்', நெடில். புத்தகம் 'லிபெர்', குறில். எழுதும்போது இரண்டுக்கும் ஒரே எழுத்துகள்தான் என்பதால் வந்த குழப்பம் இது. கல்லும் காலும் வேறு என்று தெரிந்த நமக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

[திரையில்: மூடி திறந்த மரப்பெட்டி, உள்ளே சுருள்கள்]

சரி, லிபெரிலிருந்து 'லிப்ராரியம்' வந்தது. இது கட்டிடம் இல்லைங்க, புத்தகம் வைக்கும் பெட்டி! கிரேக்கர்களின் 'பிப்லியோதேக்கே'யும் அப்படித்தான்: பிப்லியோன் என்றால் புத்தகம், தேக்கே என்றால் பெட்டி. பிப்லியோனுக்குப் பின்னால் இருப்பது பிப்லோஸ், அதாவது பாப்பிரஸ். அது ஒரு கோரை. தண்டைக் கீற்றுக் கீற்றாகச் சீவி, குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி அழுத்தினால் எழுதும் தாள் ரெடி. பைபிள் என்ற பெயரும் இதே வேரில் வந்ததுதான். பிரெஞ்சுக்காரர்கள் பிற்பாடு இதே அச்சில் இசைத்தட்டு சேர்த்துவைக்கும் இடத்துக்கு 'டிஸ்கோதெக்' என்று பெயர் வைத்தார்கள், அது எங்கே போய் நின்றது என்று உங்களுக்கே தெரியும்.

தமிழ் 'நூலகம்' இந்த விஷயத்தில் கொஞ்சம் தாராளம். அகம் என்றால் வீடு. அவர்கள் புத்தகத்துக்குப் பெட்டி கொடுத்தார்கள், நாம் வீட்டையே கொடுத்துவிட்டோம்.

ஆங்கிலத்தில் பழைய காலத்தில் 'போக்ஹோர்ட்' என்று ஒரு சொல் இருந்தது, புத்தகப் புதையல் என்று பொருள். எனக்கு லைப்ரரியை விட இதுதான் பிடித்திருக்கிறது. ஆனால் அது வழக்கொழிந்து, 14ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு 'லிப்ரேரி' உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. வேடிக்கை என்னவென்றால் பிரெஞ்சில் இன்று லிப்ரேரி என்றால் புத்தகக் கடை. அந்தப் பலகையைப் பார்த்து உள்ளே போய் இரவல் கேட்டால் விலையைத்தான் சொல்வார்கள். ஸ்பானிய மொழியில் 'லிப்ரெரியா'வும் கடைதான். நூலகத்துக்கு இரண்டு மொழிகளிலும் கிரேக்கப் பெட்டியைத்தான் வைத்திருக்கிறார்கள்.

[திரையில்: துளையிட்ட காகித நாடா]

கடைசியாக, புரோகிராம் எழுதுகிறவர்கள் தினமும் சொல்லும் 'லைப்ரரி'. 1949இல் கேம்பிரிட்ஜில் ஓடத் தொடங்கிய எட்சாக் கணினிக்கு, அடிக்கடி தேவைப்படும் கணக்குகளை ஒவ்வொரு தடவையும் புதிதாக எழுதாமல், துளையிட்ட காகித நாடாக்களில் சின்னச் சின்ன நிரல்களாகச் சேர்த்துவைத்தார்கள். அந்தக் கணினியில் வேலை செய்த வில்க்ஸ், வீலர், கில் மூவரும் 1951இல் வெளியிட்ட புத்தகம் இந்த நாடாச் சேமிப்பை லைப்ரரி என்றே சொல்கிறது. நாடாக்களை வைத்திருந்தது ஒரு ஸ்டீல் பீரோவில். லிப்ராரியம் என்று சொன்னால் ஒரு ரோமானியருக்கு அந்த பீரோ உடனே புரிந்திருக்கும்.

அப்புறம் புரோகிராம்காரர்கள் எழுதும் 'கோட்' (code) என்ற சொல்லும் லத்தீன்தான். 'கோடெக்ஸ்' என்பதிலிருந்து வந்தது, அடிமரம் என்று பொருள்.