சந்தையை நடத்துபவரே கடையும் விரித்தால்

வணிகப் பெருமக்களுக்கு வணக்கம்.

பத்தமடைப் பாயும் கல்லிடைக்குறிச்சி அப்பளமும் வீரவநல்லூர்ச் சேலையும் நம் ரத வீதிகளைத் தாண்டி, முகம் தெரியாத வாடிக்கையாளரின் வாசலுக்குப் போய்ச் சேர இணையவழி விற்பனைத் தளங்கள் வழி திறந்திருக்கின்றன. அதை மறுக்க நான் இந்த மேடைக்கு வரவில்லை. அந்த வழியைத் திறக்கவும் அடைக்கவும் வல்லவரே உள்ளே கடையும் விரித்திருந்தால் அவரை எந்த விதி கட்டுப்படுத்தும் என்பதே என் கேள்வி.

மேலப்பாளையம் ஆட்டுச் சந்தையை நினைத்துப் பாருங்கள். அங்கே நுழைவுக் கட்டணம் வாங்குகிறவரே தம் ஆடுகளையும் ஓட்டிவந்து, யாருடைய கிடா என்ன விலைக்குப் போயிற்று என்ற கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு, தம்முடையவற்றை மட்டும் வாசலிலேயே கட்டி நிறுத்தினால் நாம் ஒரு வாரமாவது பொறுப்போமா?

2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டத்தில் 4ஆம் பிரிவு இருக்கிறதே என்று கேட்கலாம். அப்பிரிவு ஆதிக்க நிலையில் உள்ள ஒரு நிறுவனத்தின் அத்துமீறலைத்தான் பிடிக்கும். இரண்டு பெரிய நிறுவனங்கள் சந்தையைத் தங்களுக்குள் வைத்துக்கொண்டால், கூட்டு ஆதிக்கம் என்ற ஒன்றை அச்சட்டம் அறியாது. அமேசான், பிளிப்கார்ட் நிறுவனங்கள் மீது தில்லி வணிகர் அமைப்பு ஒன்று கொடுத்த புகாரில், போட்டி ஆணையம் 2020 ஜனவரியில் விசாரணைக்கு உத்தரவிட்டது. அந்த விசாரணையை நடத்தலாமா என்ற வழக்கே கர்நாடக உயர் நீதிமன்றத்தைக் கடந்து, 2021 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தில்தான் முடிந்தது. அத்தனை காலம் கடன் வாங்கிய முதலோடு காத்திருக்கச் சிறு வியாபாரியால் முடியாது.

தளத்துக்குப் பங்கு உள்ள விற்பனையாளர் அதே தளத்தில் விற்கக்கூடாது என்று 2018 டிசம்பரில் மத்திய அரசு விதித்தது உண்மைதான். ஆனால் அது அந்நிய முதலீட்டுக்கான நிபந்தனை. உள்நாட்டு முதலில் நடக்கும் தளத்தை அது தொடாது.

ஆகவே தவறு நடந்தபின் தண்டிப்பதோடு நில்லாமல், செய்யத் தகாதவற்றை முன்கூட்டியே வரையறுக்கும் சட்டம் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சந்தைகள் சட்டம் அப்படிப்பட்டது. 2024 மார்ச் முதல் பெருநிறுவனங்கள் அதன் கடமைகளுக்குக் கட்டுப்பட்டிருக்கின்றன. அதே மாதம் நம் நாட்டிலும் டிஜிட்டல் போட்டி மசோதாவின் வரைவு வெளியாயிற்று. இது வளரும் தொழிலை முடக்கும் என்கிறார்கள். அதை என்னால் ஏற்க இயலவில்லை. ஒரு நிறுவனம் அதன் கட்டுப்பாட்டுக்குள் வருவதற்கான வருவாய் வரம்புகளுள் ஒன்றாக அந்த வரைவு வைத்திருப்பது இந்தியாவில் 4,000 கோடி ரூபாய். அதோடு ஒரு கோடிப் பயனாளர்களோ பத்தாயிரம் வணிகப் பயனாளர்களோ இருக்க வேண்டும். நெல்லையில் எந்தத் தொழில்முனைவோர் அந்த வலையில் சிக்குவார்?

விற்பனையாளரின் கணக்கை முடக்குமுன் காரணம் சொல்ல வேண்டும். பட்டியலில் முன்னும் பின்னும் வைப்பதற்கான அளவுகோலை வெளியிட வேண்டும். இவற்றினும் முதலாவதாக, விற்பனையாளரின் விற்பனைத் தரவை அவருக்கெதிராகப் பயன்படுத்தக்கூடாது. இது நடக்காத காரியமன்று. விற்பனையாளர்களின் வெளியாகாத தரவைத் தன் சொந்த விற்பனைக்குப் பயன்படுத்துவதில்லை என்று 2022 டிசம்பரில் அமேசான் ஐரோப்பிய ஆணையத்திடம் உறுதியளித்திருக்கிறது. அங்குள்ள வியாபாரிக்குக் கொடுத்த அந்த உறுதியைப் பத்தமடைப் பாய்க்காரருக்கும் சட்டமாகவே எழுதித் தரும்படி நாம் கேட்கிறோம்.