வளரிக்கும் ஓர் ஊர் வேண்டும்

விழாத் தலைவர் அவர்களே, காலையில் பந்தல்கால் நடும் இடத்திலும் நின்றுவிட்டு இப்போது மேடையிலும் அமர்ந்திருக்கும் பேரூராட்சித் தலைவர் அம்மா அவர்களே, எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக் களைத்துப்போன ஆசிரியர் ஐயா அவர்களே, நூலகர் தம்பி, பெரியோர்களே, சுண்டலுக்காகக் காத்திருக்கும் பிள்ளைகளே, வணக்கம்.

பழைய மர வளரிகளைச் சேர்ப்பது பற்றி மூன்று விஷயம் சொல்லப் போகிறேன்: மரம், பராமரிப்பு, பதிவு. வளரி என்பது வேட்டைக்கும் போருக்கும் வீசி எறிந்த வளைந்த தடி. வளரி என்றாலும் வளைதடி என்றாலும் ஒன்றுதான். எறிந்தால் திரும்பி வருமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். வராது. ஆஸ்திரேலியப் பூமராங்கிலேயே வேட்டைக்கு எறிவது பெரும்பாலும் திரும்பாது. விழுந்த முயலையும் தடியையும் நாம்தான் போய் எடுத்து வர வேண்டும்.

சரி, மரம். இயற்கையாகவே வளைந்த கட்டையில் செதுக்கினால் மரத்தின் ரேகையும் கூடவே வளையும். பலகையில் அறுத்தால் ரேகை நேராக ஓடும், வளைவில் பட்டென்று முறியும். இது தெரியாமல் நான் ஏமாந்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு பழம்பொருள் கடை. ஊர்ப்பெயர் வேண்டாம். "மருது பாண்டியர் காலத்துச் சாமான் சார்" என்றார் கடைக்காரர். நாலாயிரம் ரூபாய். மச்சான் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினான், நான் பார்க்கவில்லை. வீட்டில் என் மனைவி ஈரத்துணியால் ஒரு துடை துடைத்தாள். துணி பழுப்பாகிவிட்டது. மோந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்: "இது மருது காலமா, டீக்கடை காலமா?" கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை! கழுதை யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் ஒரு மாதம் கழித்துப் பெரியம்மா வீட்டுக்குப் போனேன். கொல்லையில் ஒரு வளைந்த தடியை வீசி முருங்கைக்காய் அடித்துக்கொண்டிருந்தார். ஒரு முனை கனம், ஒரு முனை லேசு, ரேகை அப்படியே வளைந்து போகிறது. எனக்குக் கை நடுங்குகிறது. "பெரியம்மா, இது ஏது?" "உங்க பெரியப்பாவோட தாத்தாது. இடுப்புல செருகிக்கிட்டு முயலடிக்கப் போவாராம்." கொடுங்கள் என்றேன். "அப்ப முருங்கைக்காய்க்கு?" என்றார். சந்தைக்குப் போய்ப் புதுத் துரட்டி ஒன்று வாங்கிக் கொடுத்து, அதை வாங்கி வந்தேன். ஐம்பது வருஷமாக அந்தக் கொல்லையில் விளையாடிய பிள்ளை நான். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை!

அன்று இரவே அவர் சொன்னதை நோட்டில் எழுதினேன். அந்த நோட்டுக்காகத்தான் இன்று வந்திருக்கிறேன். தஞ்சை அரண்மனை ஆயுதச் சாலையிலிருந்து சென்னை அருங்காட்சியகத்துக்குப் போன யானைத் தந்த வளரிகளுக்கு ஊர் உண்டு. தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி 1909-இல் வந்த தர்ஸ்டனின் நூலில் ஏறிவிட்டது. ஈட்டி எறியவும் வளரி வீசவும் முதலில் தனக்குக் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருது என்று வெல்ஷ் என்ற ஆங்கிலப் படை அதிகாரி எழுதி வைத்தான். 1801 போரில் அதே மருதுவுக்கு எதிராக நின்றவன் அவன். எதிரி எழுதி வைத்தான், நாம் எழுதவில்லை. முன்பெல்லாம் கள்ளர் சமூகத் திருமணத்தில் இரு வீட்டாரும் வளைதடி மாற்றிக்கொள்வார்களாம். அப்படிக் கைமாறிய தடி எது, எந்த வீட்டில் இருக்கிறது?

ஆகவே என் கோரிக்கை. நம் நூலகத்தில் ஒரு வளரிப் பதிவேடு வேண்டும். தடியை யாரும் தர வேண்டாம், விற்கவும் வேண்டாம். படம், நீளம், எடை, எந்த வீடு, யார் வைத்திருந்தது, இவ்வளவு போதும். பேரூராட்சித் தலைவர் அம்மா ஒரு அலமாரியும் தந்தால் நல்லது. தலையாட்டுகிறார்கள், எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பராமரிப்பு பற்றிப் பேச நேரமில்லை, தலைவர் மணியடித்துவிட்டார். ஒன்று மட்டும். ஆயுத பூஜைக்குச் சாமியறை வளரியை இறக்கிச் சுரண்டித் துடைப்பீர்கள் அல்லவா? சுரண்டுவதற்கு முன்னால் என்னைக் கூப்பிடுங்கள். நோட்டோடு வருகிறேன்.