நான்கு ஆட்டங்கள், ஒரு கால், பதின்மூன்று விநாடி

நேயர்களுக்கு அன்பு வணக்கம்.

அமெரிக்கன் ஃபுட்பால் பார்ப்பவர்களிடம் ஆட்டக்காரர் பெயர் கேட்டால் பந்தை எறிகிற குவார்ட்டர்பேக்கைச் சொல்வார்கள், ஓடிப்போய்ப் பிடிக்கிறவரைச் சொல்வார்கள். காலால் உதைக்கிறவரின் பெயர் வருவதற்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். இது எனக்கு நெடுநாள் ஆதங்கம். அதனால் இன்று ஒரே ஒரு வார இறுதியை எடுத்துக்கொள்கிறேன். 2022 ஜனவரி 22, 23. அமெரிக்காவின் தொழில்முறை ஃபுட்பால் லீக்கான என்.எஃப்.எல்.லில், தோற்றால் வெளியேற வேண்டிய பிளேஆஃபின் இரண்டாவது சுற்று. மொத்தம் நான்கு ஆட்டங்கள். மூன்று ஆட்டங்கள் கடிகாரம் பூஜ்யத்தைத் தொடும்போது உதைத்த ஃபீல்டு கோலில் முடிந்தன. நான்காவது ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனதும் கடைசி நொடியில் உதைத்த ஒரு ஃபீல்டு கோலால்தான்.

புதிதாகக் கேட்பவர்களுக்காக ஒரு நிமிடம். களத்தின் இரு முனைகளிலும் இரண்டு கம்பங்கள். இடைவெளி 18 அடி 6 அங்குலம். தரையிலிருந்து 10 அடி உயரத்தில் குறுக்குக் கம்பி. அதற்கு மேலே, இரண்டு கம்பங்களுக்கும் நடுவே பந்து போனால் 3 புள்ளி. இதுதான் ஃபீல்டு கோல். பந்தைக் கால்களுக்கு நடுவே பின்னால் தள்ளிவிட ஒருவர், ஏழு எட்டு யார்டு பின்னால் மண்டியிட்டு அதைப் பிடித்து நட்டு வைக்க ஒருவர், உதைக்க ஒருவர். மூன்று பேர் வேலையும் சேர்ந்து ஒன்றேகால், ஒன்றரை விநாடிக்குள் முடிய வேண்டும். தாமதித்தால் எதிராளியின் கை குறுக்கே வந்துவிடும். இன்னொன்று: 49 யார்டு ஃபீல்டு கோல் என்று கேட்டால் அதிலிருந்து 18 கழித்துக்கொள்ளுங்கள். களத்தின் முனையில், கம்பங்களுக்கு முன்னால் இருக்கும் எண்ட் ஸோன் என்ற பகுதியின் ஆழம் 10, பின்னால் நட்டு வைத்த தூரம் 8. ஆக பந்தைப் பின்னால் தள்ளிய இடம், எண்ட் ஸோன் எல்லையிலிருந்து எண்ணினால், 31 யார்டு கோடு. இந்தக் கணக்கு பிறகு தேவைப்படும்.

சனிக்கிழமை, நாஷ்வில். டென்னசி டைட்டன்ஸ் அவர்களுடைய பிரிவில் முதலிடத்து அணி. எதிரே சின்சினாட்டி பெங்கால்ஸ். சின்சினாட்டியின் குவார்ட்டர்பேக் ஜோ பர்ரோவை 9 முறை பந்தோடு சாய்த்தார்கள். அப்படிச் சாய்த்தும் டென்னசி தோற்றது. காரணம் இரண்டு. டென்னசியின் குவார்ட்டர்பேக் ரையன் டானஹில் எறிந்த மூன்று பந்துகள் எதிரணி கையில் போய் விழுந்தன: ஒன்று ஆட்டத்தின் முதல் எறியலிலேயே, கடைசி ஒன்று 20 விநாடி மிச்சமிருக்கும்போது. இன்னொரு காரணம் ஈவன் மெக்ஃபர்சன். அந்தப் பருவத்தில்தான் தொழில்முறை ஆட்டத்துக்கு வந்த புதுமுகம். நான்கு ஃபீல்டு கோல் உதைத்தார், நான்கும் உள்ளே. கடைசியாக உதைத்தது 52 யார்டு. 19க்கு 16. சின்சினாட்டி அணி வெளியூர் போய் ஒரு பிளேஆஃப் ஆட்டத்தை ஜெயித்தது அதுதான் முதல் தடவை.

அன்றிரவே கிரீன் பே, லாம்போ ஃபீல்டு. பனி கொட்டுகிறது. இன்னொரு பிரிவின் முதலிடத்து அணி பேக்கர்ஸ், எதிரே சான் பிரான்சிஸ்கோ. ஸ்பெஷல் டீம்ஸ், அதாவது உதைக்கும் நேரத்தில் மட்டும் களமிறங்கும் ஆட்களின் கூட்டம், ஓர் அணியின் பருவத்தையே எப்படி முடித்துவைக்கும் என்பதை இந்த ஆட்டத்தில் பார்க்கலாம். முதல் பாதி முடியும்போது பேக்கர்ஸ் உதைத்த 39 யார்டு ஃபீல்டு கோலை ஜிம்மி வார்ட் கையால் தடுத்தார். 3 புள்ளி போச்சு. பிறகு ஆட்டம் முடிய ஐந்து நிமிடம்கூட இல்லாத நேரம். 10க்கு 3 என்று பேக்கர்ஸ் முன்னிலை. பந்தை எதிரணிக்குத் தூரமாக உதைத்துக் கொடுக்கும் பண்ட். ஜோர்டன் வில்லிஸ் நேராக நடுவில் புகுந்து அதைத் தடுத்தார். உதிர்ந்த பந்தை டலனோவா ஹுஃபாங்கா எடுத்து 6 யார்டு ஓடி எண்ட் ஸோனுக்குள் போனார். அதுதான் டச் டவுன், 6 புள்ளி. அதற்குப் பிந்தைய ஒரு புள்ளி உதையோடு 10க்கு 10.

நடுவில் எப்படிப் புக முடிந்தது? ஸ்னாப் செய்கிறவர், அதாவது பந்தைப் பின்னால் தள்ளிவிடுகிறவர், தலையைக் கவிழ்த்துக் கால்களுக்கு நடுவே பார்த்துக்கொண்டிருப்பார். பந்தை விட்டபின் நிமிர அவருக்கு அரை நொடியாவது வேண்டும். அந்த அரை நொடியில் அவருக்குப் பின்னால் நிற்கும் காவலாள்தான் இடைவெளியை அடைக்க வேண்டும். அடைக்கவில்லை என்றால் உதைப்பவருக்கும் எதிராளிக்கும் நடுவில் யாருமே கிடையாது. வில்லிஸுக்குக் கிடைத்தது அதுதான். சான் பிரான்சிஸ்கோவின் தாக்கும் அணி அன்று ஒரு டச் டவுன்கூட எடுக்கவில்லை என்பதையும் கவனியுங்கள்.

கடைசியில் ராபி கோல்டு 45 யார்டு உதைத்து 13க்கு 10. அந்த உதையைத் தடுக்க பேக்கர்ஸ் பக்கத்தில் நின்றது 10 பேர். பதினொரு பேர் நிற்க வேண்டிய இடத்தில் பத்துப் பேர்! ஆளை எண்ணுவது பயிற்சியில் முதல் பாடம். களத்துக்கு ஓடும்போதே ஒருவர் எண்ணிக் குரல் கொடுக்க வேண்டும். கோல்டு தன் வாழ்நாளில் பிளேஆஃபில் உதைத்த ஃபீல்டு கோல் 29, உள்ளே போனதும் 29. அப்படிப்பட்டவருக்கு எதிராக ஓர் ஆளைக் குறைத்து நிற்கிறார்கள். அடுத்த மாதமே பேக்கர்ஸ் ஸ்பெஷல் டீம்ஸுக்கு ரிச் பிசாச்சியாவைப் புதுப் பயிற்சியாளராகக் கொண்டுவந்தது. செய்ய வேண்டியதைச் செய்தார்கள், தாமதமாக.

ஞாயிறு, டாம்பா. லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் 27க்கு 3 என்று போய்விட்டது. டாம் பிரேடியின் டாம்பா விடாமல் துரத்தி, 42 விநாடி மிச்சமிருக்கும்போது 27க்கு 27 ஆக்கியது. நடுவில் ராம்ஸின் மேட் கே உதைத்த 47 யார்டு உதை ஒன்று கம்பியை எட்டாமலே விழுந்திருந்தது. பிறகு ராம்ஸின் குவார்ட்டர்பேக் மேத்யூ ஸ்டாஃபர்ட், சக வீரர் கூப்பர் கப்புக்கு 44 யார்டு எறிந்தார். எல்லோரும் ஓடிப்போய் வரிசை கட்டி, பந்தைத் தரையில் அடித்துக் கடிகாரத்தை நிறுத்தினார்கள். அதே மேட் கே வந்து 30 யார்டு உதைத்து முடித்தார். 2019இல் இவரைத் தேர்ந்தெடுத்து, அடுத்த ஆண்டே வேண்டாம் என்று அனுப்பிய அணி எது தெரியுமா? அதே டாம்பா.

இப்போது கான்சாஸ் சிட்டிக்கு வருவோம். எதிரே பஃபலோ பில்ஸ். கடைசி இரண்டு நிமிடத்தில் மட்டும் இரு அணியும் சேர்ந்து 25 புள்ளி. பஃபலோவின் கேப் டேவிஸ் அன்று நான்கு டச் டவுன் பிடித்தார். நான்காவதைப் பிடித்தபோது பஃபலோ 36, கான்சாஸ் சிட்டி 33. கடிகாரத்தில் 13 விநாடி.

பதின்மூன்று விநாடி. இனி பஃபலோ செய்ய வேண்டிய முதல் காரியம் கிக்ஆஃப். பந்தை எதிரணிக்கு உதைத்துக் கொடுக்க வேண்டும். எண்ட் ஸோனைத் தாண்டிப் போகும்படி உதைத்தார்கள். யாரும் தொடவில்லை. களத்துக்குள் யாராவது பந்தைத் தொட்டால்தான் கிக்ஆஃபில் கடிகாரம் ஓடத் தொடங்கும். தொடவில்லை என்றால் ஓடாது. ஆக 13 விநாடி 13 விநாடியாகவே நின்றது. கான்சாஸ் சிட்டிக்கு 25 யார்டு கோட்டில் பந்து.

அடுத்து நடந்ததைக் கணக்காகப் பாருங்கள். கான்சாஸ் சிட்டியின் குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸ், டைரீக் ஹில்லுக்கு எறிந்தார், 19 யார்டு. மிச்சம் 8 விநாடி. டிராவிஸ் கெல்சிக்கு எறிந்தார், 25 யார்டு. மிச்சம் 3 விநாடி. பந்து இப்போது பஃபலோவின் 31 யார்டு கோட்டில். முன்பு சொன்ன கணக்குதான், 31உம் 18உம் 49. ஹாரிசன் பட்கர் 49 யார்டு உதைத்தார், 36க்கு 36. இத்தனைக்கும் அன்று அவர் முன்பே ஓர் ஃபீல்டு கோலையும் டச் டவுனுக்குப் பிந்தைய ஒரு புள்ளி உதையையும் தவறவிட்டிருந்தார்.

ஓர் எறியலுக்கு 5 விநாடி. அப்படியானால் கிக்ஆஃபிலேயே 5 விநாடி போயிருந்தால்? ஓர் எறியல் குறைந்திருக்கும். தரையோடு துள்ளிப் போகிறாற்போல் உதைத்திருக்கலாம் என்று பலர் சொன்னார்கள். அதில் ஓர் ஆபத்து உண்டு. பந்தை எடுத்தவர் 35, 40 யார்டு கோட்டில் அப்படியே விழுந்துவிட்டால் போவது ஒன்றிரண்டு விநாடிதான், நல்ல இடமும் கிடைத்துவிடும். அதைவிட மேலான வழி இருந்தது. உயரமாகத் தூக்கி, 5 யார்டு கோட்டுக்குப் பக்கத்தில் இறங்கும்படி உதைப்பது. அப்போதைய விதிப்படி, ஓட மாட்டேன் என்று கை உயர்த்தி ஃபேர் கேட்ச் பிடித்தால் பிடித்த இடத்திலேயே பந்து. 5 யார்டிலிருந்து 13 விநாடியில் என்ன செய்வார்கள்? ஓடினாலோ விநாடிகள் கரையும். மின்னல் ஓட்டக்காரர் முழுக்க ஓடிவிடுவாரே என்ற பயம் நியாயமானது. ஆனாலும் தெரிந்தே 13 விநாடியையும் மஹோம்ஸிடம் கொடுப்பதைவிட அது மேல் என்பது என் உறுதியான கருத்து.

தடுப்பும் சரியில்லை. ஆட்களை ஆழமாகவும் ஓரங்களிலும் நிறுத்தினார்கள். எதிரணி கையில் டைம்அவுட், அதாவது கடிகாரத்தை நிறுத்தக் கேட்கும் உரிமை, இருக்கும்போது ஓரக்கோட்டைக் காத்து என்ன பயன்? நடுக்களத்தில் பிடித்துவிட்டு டைம்அவுட் கேட்பார்கள், கேட்டார்கள். பிடிப்பவர் கிளம்பும்போதே முதல் 5 யார்டுக்குள் அவரைக் கையால் முட்டித் தடுக்க விதி இடம் தருகிறது. அதையும் செய்யவில்லை. ஆனாலும் முதல் தவறு உதை. அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

நேரம் நெருங்குகிறது என்று கை காட்டுகிறார்கள். கூடுதல் நேர விதி பற்றி விரிவாகப் பேச நினைத்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாணயச் சுண்டலில் பஃபலோ தோற்றது. கான்சாஸ் சிட்டி முதல் வாய்ப்பிலேயே டச் டவுன் எடுத்தது. 42க்கு 36, ஆட்டம் முடிந்தது. கூடுதல் நேரத்தில் பஃபலோவின் குவார்ட்டர்பேக் ஜோஷ் ஆலன் பந்தைத் தொடவே இல்லை. கிரிக்கெட்டின் சூப்பர் ஓவரில் ஓர் அணி ஆடியதும் இன்னோர் அணிக்கு மட்டையே கொடுக்காமல் முடிப்பதைப் போன்றது இது. 2019 ஜனவரியில் நியூ இங்கிலாந்திடம் இதே விதியால் தோற்ற அணி கான்சாஸ் சிட்டிதான். அப்போது மாற்றக் கேட்டார்கள், நடக்கவில்லை. 2022 மார்ச்சில் அணி உரிமையாளர்கள் 29க்கு 3 என்று வாக்களித்து, பிளேஆஃபில் இரு அணிக்கும் வாய்ப்பு உண்டு என்று மாற்றினார்கள். 2025இல் சாதாரணப் பருவ ஆட்டங்களுக்கும் வந்துவிட்டது. சரியான முடிவு.

கிக்ஆஃப் விதியும் 2024இல் அடியோடு மாறியது. அதற்கு இனி நேரமில்லை. ஒன்று மட்டும்: 2025 முதல், பறந்து எண்ட் ஸோனுக்குள் போய் விழும்படி உதைத்தால் எதிரணிக்குப் பந்து 35 யார்டு கோட்டில். 13 விநாடி இருக்கும்போது இனி யாராவது அப்படி உதைத்தால் கூடவே பத்து யார்டும் சேர்த்துக் கொடுக்கிறார்கள்.

நன்றி. வணக்கம்.