1900-ஐப் போட்டுப் பார்க்கும் பிள்ளை

பெற்றோர்களே, ஆசிரியப் பெருமக்களே, வணக்கம்.

ஏஐயே நிரல் எழுதித் தரும் இந்தக் காலத்தில், பிள்ளையை இன்னும் கோடிங் வகுப்புக்கு, அதாவது நிரல் எழுதக் கற்க, அனுப்பலாமா, இல்லை காசுக்குக் கேடா? இதைக் கேட்கத்தான் உங்களில் பாதிப் பேர் வந்திருப்பீர்கள். யாருமே நிரல் எழுதத் தேவையில்லாதபடி செய்வதுதான் எங்கள் வேலை என்று கணினி சிப் நிறுவனமான என்விடியாவின் தலைவர் ஜென்சன் ஹுவாங் 2024 பிப்ரவரியில் துபாயில் பேசினார். சிப் விற்கிறவர் வேறென்ன சொல்வார் என்று தள்ளிவிட மாட்டேன். பாதி உண்மைதான்.

ஆனால் இது பழைய பாட்டு. 1954-இல் ஃபோர்ட்ரான் என்ற நிரல்மொழி பற்றி ஐபிஎம் என்ற கணினி நிறுவனத்தின் குழு எழுதிய முதல் அறிக்கையே, நிரல் எழுதுவதும் பிழை தேடுவதும் ஏறக்குறைய ஒழிந்துவிடும் என்றது. ஒழிந்ததா? எழுதுவது எளிதாக ஆக நிரல்கள் பெருகின, கூடவே பிழைகளும்.

லீப் ஆண்டுக் கணக்கை எடுத்துக்கொள்வோம். நான்கால் வகுபட்டால் லீப். நூறாலும் வகுபட்டால் இல்லை. நானூறாலும் வகுபட்டால் மறுபடி லீப். ஆகவே 2000 லீப் ஆண்டு, 1900 அல்ல. வீட்டுக்குப் போனதும் எக்செல்லில் 60 என்று அடித்து, அதைத் தேதியாக மாற்றிப் பாருங்கள். 1900 பிப்ரவரி 29 என்று காட்டும். அப்படி ஒரு நாள் வந்ததே கிடையாது! லோட்டஸ் 1-2-3 என்ற பழைய மென்பொருளில் இருந்த பிழை அது. அதன் கோப்புகளோடு ஒத்துப்போக வேண்டுமென்று மைக்ரோசாஃப்ட் தெரிந்தே அதை வைத்துக்கொண்டது. லீப் ஆண்டைக் கண்டுபிடிக்கும் நிரலை ஒருமுறையாவது தானே எழுதித் திணறிய பிள்ளை, ஏஐ எழுதித் தருவதிலும் முதலில் 1900-ஐப் போட்டுப் பார்ப்பாள். எழுதியே பழகாதவளுக்கு அந்தச் சந்தேகமே வராது.

சந்தேகம் வராவிட்டால் என்ன என்கிறீர்களா? பிரிட்டனைப் பாருங்கள். அஞ்சலகங்களில் வைத்த ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருள், இல்லாத பற்றாக்குறையைக் காட்டியது. 1999 முதல் 2015 வரை 900-க்கும் மேற்பட்ட துணை அஞ்சலக நடத்துநர்கள் திருட்டு, பொய்க்கணக்கு என்று தண்டிக்கப்பட்டார்கள். சிலர் சிறைக்கே போனார்கள். கணினி சரியாகத்தான் ஓடியிருக்கும் என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்வது அங்கே சட்ட வழக்கம். கணினியில்தான் கோளாறு என்று காட்டும் பாரம், குற்றம் சாட்டப்பட்டவர் தலையில். கடைசியில் 2024-இல் தனிச் சட்டமே கொண்டுவந்து தண்டனைகளை ரத்து செய்தார்கள். நீதிபதி நிரல் எழுத வேண்டாம். நிரல் எப்படியெல்லாம் தப்பும் என்று பள்ளியிலேயே கண்ணால் பார்த்திருந்தால், எதிரே நிற்பவரிடம் கேட்ட கேள்வியில் பாதியை இயந்திரத்தைப் பற்றியும் கேட்டிருப்பார்.

வேலை? நிரல் எழுத மட்டுமே தெரிந்தவருக்கு முன்போல் கிடைக்காது என்பது என் கணிப்பு. கட்டணம் கட்டுமுன் யோசியுங்கள். ஆறு வயதுப் பிள்ளை செயலி உருவாக்கும் என்ற விளம்பரத்தைத் தூக்கிப் போடுங்கள், பிள்ளை தெருவில் விளையாடட்டும்.

நம் மாநிலப் பாடத்திட்டத்தில் பதினொன்றில் சி பிளஸ் பிளஸ், பன்னிரண்டில் பைத்தான். பாடம் மோசமில்லை. பிராக்டிகலுக்கென்று நிரல்களை வரி பிசகாமல் மனப்பாடம் செய்து, ரெக்கார்டு நோட்டை நிரப்புகிறோமே, அதுதான் வீண். அதை இயந்திரம் நம்மைவிட நன்றாகவே செய்யும், விட்டுவிடலாம். ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஏஐ எழுதிய நிரலில் ஒரு தப்பை ஒளித்து வைத்துத் தேர்வில் கொடுங்கள். எந்த எண்ணைப் போட்டால் உடைகிறது, ஏன் உடைகிறது என்று பிள்ளை காட்டட்டும். மதிப்பெண் அதற்கு மட்டும். எக்ஸ்டர்னலாக வருபவரும் அன்றைக்குக் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கும்.

இனி உங்கள் கேள்விகளைக் கேளுங்கள்.